புறம்போக்கு மாத்திரைகள்

டிஸ்கி முதலிலேயே: இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைச் சேர்க்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஏன் என்று உள்ளேயே வரும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடாக இருந்தால், ஃபிரிட்ஜ் மேலோ டிவி பக்கத்திலோ ஒரு பிளாஸ்டிக் டப்பா நிச்சயம் இருக்கும். உள்ளே சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கூடவே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிற ஒரு சின்ன மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடோர்வாஸ்டாட்டின் என்றோ ரோசுவாஸ்டாட்டின் என்றோ போட்டிருக்கும். அப்பா அதைக் கொலஸ்ட்ரால் மாத்திரை என்பார். அம்மா ஹார்ட் மாத்திரை என்பார். இரண்டும் சரிதான். இரத்தத்தில் கொழுப்பைக் குறைத்து, மாரடைப்பைத் தள்ளிப்போடுவதுதான் ஸ்டாட்டின் குடும்பத்து மாத்திரைகளின் வேலை.

இதே மாத்திரை இரத்தப் புற்றுநோய் வைத்தியத்துக்கும் கைகொடுக்குமா?

கேள்வி புதிதல்ல. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கைகொடுக்கும் என்று நம்பக் காரணங்கள் இருக்கின்றன. சந்தேகப்படவும் காரணங்கள் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான், முடிவான பதில். பதில் கிடைக்காததற்கு விஞ்ஞானம் ரொம்பக் கஷ்டம் என்பது முக்கியக் காரணமே இல்லை. அந்த மாத்திரைக்கு இன்றைக்குச் சொந்தக்காரர் கிடையாது, அதுதான் காரணம். ஊரில் புறம்போக்கு நிலம் கிடக்குமே, அந்த மாதிரி. எல்லாரும் நடந்து போவார்கள், ஆடு மாடு மேயும், ஆனால் கிணறு வெட்ட யாரும் காசு போட மாட்டார்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால்தான் இதில் இருக்கிற வேடிக்கை புரியும்.

ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு ஆராய்ச்சியாளர். சாங்க்யோ என்ற மருந்து நிறுவனத்தில் வேலை. பூஞ்சையிலிருந்து பென்சிலின் கிடைத்த மாதிரி, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளும் ஏதாவது ஒரு பூஞ்சையில் கிடைக்கும் என்று நம்பினார். 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்ததாகச் சொல்வார்கள். கடைசியில் கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. 1973ல் பிரித்தெடுத்த அந்தப் பொருளின் பெயர் காம்பாக்டின். உலகின் முதல் ஸ்டாட்டின் அதுதான்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மூட்டை கட்டியிருப்பார்கள். எண்டோ, கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு சக ஊழியரைப் பிடித்தார். முட்டையிடும் கோழிக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. 1978ல் ஒசாகாவில் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இருந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். அதிலும் பலன் தெரிந்தது.

பிறகு வந்தது அந்தத் திருப்பம். 1980ல் சாங்க்யோ நிறுவனம் காம்பாக்டின் சோதனையை அப்படியே நிறுத்தியது. காரணம், மிக மிக அதிக அளவில் நீண்ட காலம் மருந்து கொடுக்கப்பட்ட நாய்களுக்கு லிம்ஃபோமா வந்ததாக எழுந்த சந்தேகம். லிம்ஃபோமா என்றால் நிணநீர்ப் புற்று, இரத்தப் புற்றுநோய் குடும்பத்தைச் சேர்ந்தது. செய்தி கேட்டு, அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் என்ற அண்ணன் தம்பி மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்த மெர்க் நிறுவனமும் வேலையை நிறுத்திவைத்தது. சில வருடங்கள் கழித்து மறுபடி ஆரம்பித்து, பாதுகாப்பு விஷயங்களைச் சரிபார்த்து, 1987ல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கியது. காம்பாக்டின் கடைக்கே வரவில்லை. எண்டோவுக்கு ஸ்டாட்டின்களிலிருந்து ராயல்டி என்று எதுவும் கிடைக்கவில்லை. 2024ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

ஆக, இரத்தப் புற்றுநோயை உண்டாக்குமோ என்ற பயத்தில் ஓரங்கட்டப்பட்ட மருந்துக் குடும்பம்தான், இன்றைக்கு இரத்தப் புற்றுநோயை அடக்குமா என்ற கேள்வியோடு நிற்கிறது. சினிமாவில் இப்படிக் கதை எழுதினால் லாஜிக் இல்லை என்பார்கள்.

சரி, இதயத்துக்கான மருந்துக்கும் புற்றுநோய் செல்லுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் கொலஸ்ட்ரால் தயாராவது ஒரே படியில் நடப்பதில்லை. எழும்பூரிலிருந்து கிளம்பும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் வரைக்கும் ஒரே பாதை. அங்கே பிரிந்து ஒன்று மயிலாடுதுறை பக்கம் போகும், ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும், ஒன்று புதுச்சேரி போகும். ஸ்டாட்டின் செய்வது செங்கல்பட்டிலேயே தண்டவாளத்தை மறிப்பது. நோக்கம் என்னவோ கொலஸ்ட்ரால் என்ற ஒரு ஊருக்குப் போகும் வண்டியை நிறுத்துவதுதான். ஆனால் பின்னால் பிரிகிற எல்லா ஊர் வண்டிகளும் சேர்ந்து நின்றுவிடும்.

அப்படி நிற்கும் கிளை வண்டிகளில் ஒன்று, சில சின்னக் கொழுப்புச் சங்கிலிகளைச் சுமந்து போகிறது. செல்லுக்குள் "வளரு, பிரி, சாகாதே" என்று கட்டளை கொண்டுபோகும் சில புரதங்களுக்கு இந்தச் சங்கிலிதான் கொக்கி. கொக்கி இருந்தால்தான் அவை செல்லின் சவ்வில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும். கொக்கி கிடைக்காவிட்டால் வேலை நடக்காது. சாதாரண செல் சமாளித்துக்கொள்ளும். இருபத்துநான்கு மணி நேரமும் பிரிந்துகொண்டே இருக்க வேண்டிய புற்றுநோய் செல் தடுமாறும்.

ஸ்டாட்டின் தனியாக நின்று புற்றுநோயைத் தீர்த்துவிடும் என்று இன்றைக்கு விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. சுவாரஸ்யமே கூட்டணியில்தான் இருக்கிறது. வெனெட்டோகிளாக்ஸ் என்று ஒரு புது மருந்து, 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சி.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட லுகேமியாவுக்கு முதலில் வந்தது, 2018ல் ஏ.எம்.எல். என்ற தீவிர லுகேமியாவுக்கும் வந்தது. கெட்டுப்போன செல் தானாகவே செத்துவிட வேண்டும் என்பது உடம்பின் சட்டம். பி.சி.எல்-2 என்ற புரதம் அந்தச் சாவைத் தடுத்து நிறுத்தும். இந்தப் புற்றுநோய் செல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. வெனெட்டோகிளாக்ஸ் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

2018ல் கலிஃபோர்னியா இர்வைன் பல்கலையின் டேவிட் ஃப்ரூமன், பாஸ்டனின் ஆண்டனி லெட்டாய் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. மேலே சொன்ன கொக்கி வண்டியை ஸ்டாட்டின் நிறுத்தும்போது, செல்லுக்குள் பூமா என்ற புரதம் கூடுகிறது (செருப்புக் கம்பெனி இல்லை, நிஜமாகவே அதுதான் பெயர்). பூமா சாவின் பக்கம் நிற்கும் புரதம். செல் ஏற்கனவே விளிம்பில் நிற்கும். அப்போது வெனெட்டோகிளாக்ஸ் வந்தால் ஒரு சின்னத் தள்ளு போதும். சோதனைக் குழாயில் நடந்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. வெனெட்டோகிளாக்ஸ் கொடுத்து ஏற்கனவே நடந்து முடிந்திருந்த மூன்று சி.எல்.எல். சோதனைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்காகத் தற்செயலாக ஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்த நோயாளிகளில், நோய் முழுவதுமாக மறைந்தவர்களின் விகிதம் அதிகமாக இருந்தது.

வேறு பக்கமிருந்தும் இதே மாதிரி தகவல்கள். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரில் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று வந்த 4,957 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016ல் வந்தது. ஸ்டாட்டின் போட்டவர்களிடம் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025ல் ஷார்ஜா பல்கலைக்கழகத்தின் அகமத் அபுஹெல்வா குழு, இப்ரூட்டினிப் என்ற மருந்துக்காக நடந்த நான்கு சோதனைகளிலிருந்து 1,467 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. வைத்தியம் தொடங்கும்போதே ஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் புற்றுநோயால் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு என்று வந்தது.

61 சதவீதம்! இந்த இடத்தில்தான் நாளிதழ்கள் "கொலஸ்ட்ரால் மாத்திரை புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று தலைப்புப் போடும். வாட்ஸ்அப்பில் சித்தப்பா ஃபார்வர்டு செய்வார்.

கொஞ்சம் நிதானம் தேவை. எந்தக் கல்லூரியிலும் டை கட்டிக்கொண்டு திரிகிறவர்கள் யார்? கேம்பஸ் இண்டர்வியூவுக்குப் போகும் கடைசி வருடப் பையன்கள். முதல் வருடத்திலேயே படிப்பை விட்டுப் போனவன் டை கட்டியிருக்க வாய்ப்பே இல்லை. இப்போது யாராவது கணக்கெடுத்து "டை கட்டியவர்களில் பாதியில் நின்றவர்கள் மிகக் குறைவு, ஆகவே டை கட்டினால் படிப்பு நிற்காது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மருந்து ஆய்வுகளிலும் இதே கோளாறு நடக்கும். நோய் வந்த பிறகு ஒரு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டுமானால், முதலில் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! தவிர, ஒழுங்காக மாத்திரை போடுகிறவர், ஒழுங்காக டாக்டரிடமும் போகிறவராக இருப்பார். ஓரளவு காசும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறவராக இருப்பார். அவரை நீண்ட நாள் வாழவைத்தது மாத்திரையா, மகளா? புள்ளியியலில் இதையெல்லாம் சரிக்கட்ட வழிகள் உண்டு. முழுவதுமாகச் சரிக்கட்ட முடியாது.

முழுவதுமாகச் சரிக்கட்ட ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு பாடம் இருக்கிறது. நுரையீரல் புற்றில் ஒரு வகைக்கு பிரவாஸ்டாட்டின் உதவும் என்று ஆய்வுக்கூடத்தில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. 846 நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பெரிதாகச் சோதித்தார்கள். 2017ல் முடிவு வந்தது. ஒரு பலனும் இல்லை. இரண்டு பக்கமும் ஆயுள் ஏறக்குறைய ஒரே அளவு.

இதைத் தோல்வி என்று சொல்லக்கூடாது. ஒரு கேள்வி தீர்ந்தது. அந்த நோய்க்கு அந்த மாத்திரையை நம்பி யாரும் ஏமாற வேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோய் விஷயத்தில் இந்த அளவுக்குக்கூட நகரவில்லை என்பதுதான் வருத்தம்.

நடந்தது எல்லாம் சின்னச் சின்ன முயற்சிகள். அமெரிக்காவில் திரும்ப வந்துவிட்ட ஏ.எம்.எல். நோயாளிகள் 36 பேருக்குக் கீமோதெரபியுடன் பிரவாஸ்டாட்டின் சேர்த்துக் கொடுத்தார்கள். 2014ல் வெளியான முடிவில் 75 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. அசந்துபோக வைக்கும் எண். ஆனால் குலுக்கல் இல்லை, ஒப்பிட மறு பக்கம் இல்லை. இன்னும் மோசமான நிலையில் இருந்தவர்களிடம் அதே கூட்டணியைப் பார்த்தபோது அந்த அளவு பலன் வரவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 1,280 மில்லிகிராம். இதயத்துக்குக் கொடுக்கும் அதிகபட்ச அளவே 80தான். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரையும் அந்தச் சோதனையில் கொடுத்ததும் பெயரளவில்தான் ஒன்று.

எதிர்ப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2008ல் போலந்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். லிம்ஃபோமாவுக்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்து, செல்லின் மேல் இருக்கும் ஒரு அடையாளத்தைப் பிடித்து வேலை செய்கிறது. ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும்போது அந்த அடையாளத்தின் வடிவமே மாறி, ரிட்டுக்ஸிமாப் ஒட்ட முடியாமல் போகலாம் என்று சோதனைக் குழாயில் தெரிந்தது. பிறகு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது அப்படிப் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்பது ஆறுதல். ஆனாலும் ஒரு மருந்துக்குத் துணை நிற்கிற மாத்திரை, இன்னொரு மருந்தின் காலை வாரலாம் என்ற சாத்தியம் இருக்கிறது. லுகேமியா நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று வராமலிருக்க கொடுக்கும் சில மருந்துகள், சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றை உடம்பிலேயே தேங்கவைத்து, தசையைக் கரைத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்குக் கொண்டுபோகக் கூடும். தொடக்கத்தில் போட்ட டிஸ்கிக்குக் காரணம் இதுதான். வெனெட்டோகிளாக்ஸுடன் சேர்த்துப் பார்க்க அமெரிக்காவில் தொடங்கிய முதல் கட்டச் சோதனையில் பிட்டாவாஸ்டாட்டினைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். அது வேறு வழியில் வெளியேறுகிற மருந்து, அந்தப் பாதையில் அதிகம் மோதாது.

இத்தனை வருடம், இத்தனை அறிகுறி. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, மொத்தக் கேள்வியையும் தீர்க்கிற பெரிய சோதனையை ஏன் யாரும் நடத்தவில்லை?

பதில் வெட்கக்கேடான அளவுக்கு எளிமையானது. சிம்வாஸ்டாட்டினின் அமெரிக்கக் காப்புரிமை 2006ல் முடிந்தது. அடோர்வாஸ்டாட்டினுக்கு 2011ல் முடிந்தது. இன்றைக்கு ஒரு நிறுவனம் கோடிக்கணக்கில் செலவழித்து "இது லுகேமியாவுக்கும் உதவும்" என்று நிரூபித்தால், மறுநாளே நூறு கம்பெனிகள் அதே மாத்திரையைச் சில ரூபாய்க்கு விற்கும். நிரூபித்தவனுக்கு நாமம். இதில் நிறுவனங்களைத் திட்டி என்ன பயன்? டீக்கடைக்காரர் நஷ்டத்துக்கு டீ போடுவாரா? லாபம் இல்லாத இடத்துக்குத் தனியார் வர மாட்டார்கள் என்பது தெரிந்த கதைதானே. பஸ் ஓடாத கிராமத்துக்கு அரசு பஸ் விடவில்லையா?

"அப்படியென்றால் பழைய மருந்துக்குப் புது உபயோகம் கண்டுபிடிப்பவருக்குப் புது காப்புரிமை கொடுத்துவிட வேண்டியதுதானே" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தாலிடோமைடு கதையைப் பார்த்தால் நியாயம் கொஞ்சம் கசக்கும். ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமாகப் பிறக்கவைத்து, 1961ல் சந்தையிலிருந்து ஒழிக்கப்பட்ட மருந்து. பிறகு தொழுநோயில் வரும் ஒரு சிக்கலுக்கு உதவுகிறது என்று தெரிந்து, 1998ல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1999ல் மைலோமாவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வு வந்தது. அதற்கப்புறம் என்ன? உரிமை வைத்திருந்த நிறுவனம் விலையைப் பல மடங்கு ஏற்றிவிட்டது. தயாரிக்கச் செலவே இல்லாத ஒரு பழைய மருந்து, புற்றுநோய் மருந்து என்ற பட்டம் கிடைத்ததும் பணக்கார மருந்தாகிவிட்டது. புறம்போக்குக்குப் பட்டா போட்டால் கிணறு வரும்தான். தண்ணீர் யாருக்கு என்பது அடுத்த கேள்வி.

பிரிட்டனில் வேறு வழி யோசித்தார்கள். காப்புரிமை முடிந்த மருந்துகளுக்குப் புது உபயோகம் தெரியவந்தால், அதற்கு உரிமம் பெறும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும் என்று 2015ல் ஒரு எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசுத் தரப்பு ஆதரிக்கவில்லை. விவாத நேரம் முடியும்வரை பேசியே அதை முடக்கினார்கள் (எந்த ஊர் நாடாளுமன்றமானாலும் வாய் ஒன்றுதான்). ஆனால் யோசனை சாகவில்லை. பிரிட்டனின் பொது மருத்துவத் துறை பழைய மருந்துகளுக்கென்றே ஒரு திட்டம் ஆரம்பித்து, அதன் வழியாக 2023ல் அனஸ்ட்ரோஸோல் என்ற பழைய மாத்திரைக்கு மார்பகப் புற்று வராமல் தடுக்கும் உபயோகத்துக்கு உரிமம் கிடைத்தது. உரிமம் வாங்கித் தந்த நிறுவனம் அதில் லாபம் பார்க்கக்கூடாது என்பது ஏற்பாடு.

"பணக்கார நாட்டு விஷயம், இங்கே கட்டிலுக்கே வழியில்லை" என்று சொல்பவர்களுக்கு, சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போகும் ஊரில் ஒரு பதில் இருக்கிறது.

ஏ.பி.எல். என்று ஒரு வகை லுகேமியா. சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970களில் அதற்கு ஆர்செனிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், பழைய துப்பறியும் கதைகளில் காபியில் கலந்து கொடுப்பார்களே, அந்தப் பாஷாணம். பலன் கிடைத்தது. ஆனால் உலகம் முழுவதும் அன்றைக்குச் சிறந்த வைத்தியமாக இருந்தது கீமோதெரபியும் அட்ரா என்ற மாத்திரையும் சேர்ந்தது. அதற்கு ஆகும் செலவு இங்கே பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998லிருந்து 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுவதும் அடங்கியது. 2006ல் அது உலகின் முக்கியமான இரத்தவியல் இதழில் வெளியானது. 2013ல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் கீமோவே இல்லாமல் ஆர்செனிக்கையும் அட்ராவையும் சேர்த்துக் கொடுத்த சோதனை வந்த பிறகு, அபாயம் அதிகமில்லாத ஏ.பி.எல். நோயாளிகளுக்கு அந்த வழியே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. "ஏழை நோயாளிக்கு வேறு வழியில்லாமல் செய்தது" என்று யாரும் இன்றைக்கு இளக்காரமாகச் சொல்ல முடியாது.

வேலூர் ஆய்வில் குலுக்கல் இல்லை என்று கேட்பவர்களுக்கு மும்பை இருக்கிறது. லிக்னோகெய்ன் தெரியும்தானே? பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரப்பு ஊசி. இதயத் துடிப்பு தாறுமாறானால் நரம்பில் ஏற்றுவதும் அதேதான், ஆக அதுவும் ஒரு ஹார்ட் மருந்து. மார்பகப் புற்று அறுவைச் சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன்பு அதைக் கட்டியைச் சுற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று டாட்டா மெமோரியல் மருத்துவமனை தலைமையில் 11 இந்திய மருத்துவமனைகள் குலுக்கல் முறையில் பார்த்தன. 1,583 பெண்கள். 2023ல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாத பக்கம் 86.4 சதவீதம், போட்ட பக்கம் 90.1 சதவீதம். எந்த மருந்து நிறுவனத்துக்கும் இதில் பத்துப் பைசா லாபம் கிடையாது. அதனால்தான் எந்த நிறுவனமும் செய்யவில்லை, ஒரு பொது மருத்துவமனை செய்தது.

ஆக, செய்ய முடியும். இந்தியாவில் செய்ய முடியும். 2012ல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் என்ற கூட்டமைப்பில் இன்றைக்கு 300க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஐ.சி.எம்.ஆர். இருக்கிறது. அடையாறு, வேலூர், ஜிப்மர் என்று இரத்தப் புற்றுநோய் பார்த்துப் பழகிய இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மேலைநாட்டு ஆய்வுகள் அதிகம் பேசும் சி.எல்.எல். ஆசியாவில் குறைவு. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ஏ.எம்.எல்.லும் மைலோமாவும்தான். அந்தச் சோதனையை அமெரிக்காக்காரன் நடத்தித் தருவான் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

அரசுப் பணத்தை இதில் போடலாமா என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயாளி ஏற்கனவே வார்டில் இருக்கிறார். கீமோ எப்படியும் கொடுக்கப்படுகிறது. இரத்தப் பரிசோதனை எப்படியும் நடக்கிறது. கூடுதலாக ஆவது, மாத்திரைக்கான சில ரூபாய், குலுக்கலை நடத்தவும் விவரம் எழுதவும் சில ஆட்கள், பக்க விளைவைக் கவனிக்க ஒரு குழு. பலன் இருந்தால் அரசு மருத்துவமனை நோயாளிக்கும் அன்றைக்கே கிடைக்கும், ஏனென்றால் மாத்திரை ஏற்கனவே அரசு மருந்தகத்தில் இருக்கிறது. பலன் இல்லை என்றால், வாட்ஸ்அப்பைப் பார்த்து ரகசியமாக மாத்திரை முழுங்குகிறவர்களிடம் டாக்டர்கள் ஆதாரத்தோடு "வேண்டாம்" என்று சொல்லலாம். இன்றைக்கு அவர்களால் "தெரியாது" என்றுதான் சொல்ல முடியும்.

பெரிய சோதனைக்கு நிதி, நெறிமுறைக் குழு, ஒப்புதல் என்று வருடங்கள் ஆகும். அதுவரை செலவே இல்லாமல் ஒன்று செய்யலாம். 2018, 2025 ஆய்வுகள் எப்படிச் சாத்தியமாயின என்று கவனித்தீர்களா? அந்தச் சோதனைகளில் நோயாளி வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரோ ஒரு நர்ஸ் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். நம்மூர் கேஸ் ஷீட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் "சுகர், பிபி - மாத்திரையில்" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். புற்றுநோய் வார்டில் ஒவ்வொரு நோயாளியின் பிளாஸ்டிக் டப்பாவையும் வாங்கிப் பார்த்து, எந்த ஸ்டாட்டின், எத்தனை மில்லிகிராம், எந்த வருடத்திலிருந்து என்று மூன்று விவரங்களை எழுதச் சொன்னால் போதும். சுற்றறிக்கை அனுப்ப ஒரு பக்கம் காகிதம் ஆகும்.